பெஞ்சில் இருப்பவனுக்கு ஒரு சீட்டு!



பாண்டிக்கு மேட்ச் ஆடப் போகும் நம்ம பள்ளிக் கூடைப்பந்து டீம் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறதே, பார்த்தீர்களா? பத்துப் பேர். பென்சிலால்தான் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை மாற்றலாம் என்று பி.டி. சார் சொல்லியிருக்கிறார். அதுக்குள்ள என் கருத்தை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. (கையெழுத்து கொஞ்சம் கோணல், மன்னிக்கவும்.)

விதிப்படி ஒரு டீமில் பன்னிரண்டு பேர் வரை இருக்கலாம். ஆனால் வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நாம் சேர்த்த பணம் பத்துப் பேருக்குத்தான் வரும். சரி, பத்துப் பேரே போகட்டும். அந்தப் பத்தில் உயரமான பசங்க மட்டும் மூணு பேர். மூணு பேருக்கும் ஒரே வேலை, கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடிப்பது. பாயிண்ட் கார்டு மட்டும் ஒரே ஒருத்தன். அந்த ஒருத்தன் நான்தான்.

மூணு நெட்டையரில் ஒருவரை நிறுத்திவிட்டு, இரண்டாவது பாயிண்ட் கார்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. இதைச் சொன்னதும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரே சண்டை. "போன மேட்ச்ல எட்டுப் பாயிண்ட் போட்டவனை இறக்கி விட்டுட்டு, பெஞ்சைத் தேய்க்கிறவனைக் கூட்டிட்டுப் போகணுமா? உனக்கு என்ன பைத்தியமா?" என்றார்கள். ஒருத்தன், "உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லையாடா?" என்று கூடக் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

கூடைப்பந்து ஆடாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு நம்ம பக்கத்திலிருந்து எதிரி பக்கத்துக்குக் கொண்டு போகிறவர். யார் எங்கே ஓடணும், யாருக்குப் பந்து என்று சொல்கிறவரும் அவர்தான். எட்டு விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். தாண்டினாலும் இருபத்துநாலு விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். இந்த வேலை உயரத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது. இன்னொரு விதியும் உண்டு. ஒரு ஆட்டக்காரர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். அந்த மேட்சில் திரும்ப உள்ளே வர முடியாது. அப்போது பந்தை யார் கொண்டு போவது?

இதைப் புரியவைக்க எல்லாருக்கும் தெரிந்த ஒரு டீமைச் சொல்கிறேன். நாம் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசம். நம்மைச் சுற்றி இருப்பது நாகையும் மயிலாடுதுறையும். ஆனால் ஐ.பி.எல். வந்துவிட்டால் காரைக்கால் முழுக்க மஞ்சள்தானே!

2020ஆம் வருஷம் சென்னை சூப்பர் கிங்ஸ் எட்டு டீமில் ஏழாவது இடம். ஆடிய சீசன்களில் பிளேஆஃப் போகாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஒரு டீம் வீரர்களுக்குச் செலவு செய்ய அப்போது உச்சவரம்பு 85 கோடி ரூபாய். சென்னையின் கையில் மிச்சம் இருந்தது வெறும் 15 லட்சம். அதை வைத்து யாரை வாங்க முடியும்? ஆகவே 2021 ஜனவரியில் இடத்தைக் காலி செய்தார்கள். கேதார் ஜாதவ் 7.80 கோடி, பியூஷ் சாவ்லா 6.75 கோடி, ஹர்பஜன் சிங் 2 கோடி, முரளி விஜய் 2 கோடி, மோனு குமார் 20 லட்சம். ஷேன் வாட்சன் ஓய்வு பெற்றதால் 4 கோடி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பழைய 15 லட்சமும் சேர்த்து 22.90 கோடி வரும்.

இந்தப் பணத்தில் ஏலத்துக்கு முன்னாடியே முதல் செலவு என்ன தெரியுமா? ராஜஸ்தானிலிருந்து ராபின் உத்தப்பாவை டிரேடு முறையில், பதிலுக்கு ஆள் எதுவும் கொடுக்காமல், பணம் மட்டும் கொடுத்து வாங்கியது. அவருடைய விலை 3 கோடி. மிச்சம் 19.90 கோடியோடு ஏலத்துக்குப் போனார்கள்.

"முப்பத்தஞ்சு வயசு ஆளா? ஏற்கெனவே கிழவங்க டீம்னு கிண்டல் பண்றாங்க. தொடக்கத்துக்கு ருதுராஜும் டுபிளெசியும் இருக்காங்க, மூணாவது இடத்துக்கும் ஆள் இருக்கு, இவரு எதுக்கு?" இப்படிப் பேசாதவர் யார்? கேட்டது தப்பும் இல்லை. ஏப்ரலில் ஆட்டம் தொடங்கியது. கொரோனாவால் மே மாதம் நின்றது. செப்டம்பரில் துபாய் பக்கம் போய் மறுபடி தொடங்கியது. சென்னை பன்னிரண்டு மேட்ச் ஆடி முடித்துவிட்டது. உத்தப்பா ஒரு மேட்சில்கூட இறங்கவில்லை. மூணு கோடி ரூபாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது!

அப்புறம் முழங்கால் காயத்தால் ரெய்னா ஆட முடியாமல் போனது. அக்டோபர் 4ஆம் தேதி உத்தப்பா முதல் முறையாக மஞ்சள் ஜெர்சியில் இறங்கினார். 19 ரன். அடுத்த மேட்சில் 2 ரன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல எல்லாரும் வாயைத் திறந்தார்கள். அக்டோபர் 10, டெல்லியோடு முதல் தகுதிச் சுற்று. 173 எடுக்க வேண்டும். முதல் ஓவரிலேயே டுபிளெசி அவுட். மூணாவது ஆளாக வந்த உத்தப்பா 44 பந்தில் 63. ருதுராஜோடு சேர்ந்து 110 ரன். கடைசியில் தோனி 6 பந்தில் 18 அடித்து முடித்தார். எல்லாரும் தோனி அடித்ததைத்தான் பேசுகிறோம். முன்னாடி 63 அடித்தவர் இல்லாவிட்டால் தோனி எதை முடித்திருப்பார்? அக்டோபர் 15, இறுதிப் போட்டி, எதிரில் உத்தப்பாவின் பழைய டீம் கொல்கத்தா. 15 பந்தில் 31. சென்னை 192, கொல்கத்தா 165. கோப்பை வந்தது.

சீசன் முழுக்க உத்தப்பா ஆடியது நாலே மேட்ச். எடுத்தது மொத்தமே 115 ரன். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஒரு மேட்சுக்கு முக்கால் கோடி, நஷ்டம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த 115 ரன்னில் 94 ரன் எந்த இரண்டு நாளில் வந்தது என்று பாருங்கள். ரிசர்வ் ஆளின் விலையை அவர் ஆடிய நாளை எண்ணிப் போடக் கூடாது. அவர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் போட வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

கேப்டன் இதைக் கேட்டுவிட்டு ஒரு குத்து விட்டார். "ஜெயிச்சதால சொல்றே. அதே ஏலத்துல கிருஷ்ணப்ப கௌதமை 9.25 கோடிக்கு வாங்கினாங்களே, அவர் எத்தனை மேட்ச் ஆடினார்?" உண்மைதான். ஒன்றுகூட ஆடவில்லை. அடுத்த வருஷ ஏலத்தில் அவர் போன விலை 90 லட்சம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் அது கட்டுரை இல்லை, விளம்பரம்.

ஆனால் இரண்டும் ஒன்றா? சுழற்பந்து போடவும் கொஞ்சம் பேட் பிடிக்கவும் அந்த டீமில் ஜடேஜா இருந்தார், அதே ஏலத்தில் 7 கோடிக்கு மொயீன் அலியும் வந்தார். அதே வேலைக்கு இன்னொருவரைப் பெரிய விலை கொடுத்து வாங்கினால் அவர் உட்காரத்தான் வேண்டும். தப்பு ஆட்டக்காரர் மேல் இல்லை, கணக்குப் போட்டவர்கள் மேல். நம்ம லிஸ்டைப் பாருங்கள். ஒரே வேலைக்கு மூணு நெட்டையர். நாம்தான் 9.25 கோடி தப்பைச் செய்துகொண்டிருக்கிறோம்! உத்தப்பா மாதிரி ஆளை, அதாவது ஒரு இடத்துக்கு ஒரே மாற்றாக இருக்கிறவனை, வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்.

இப்படி இடத்தைக் காலி பண்ணி ஆள் எடுப்பது புதுசு இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் சம்பள உச்சவரம்பு 1984-85 சீசனிலிருந்து இருக்கிறது. அங்கே பாதி டிரேடு திறமைக்காக, பாதி டிரேடு சம்பளத்தை இறக்கி வைப்பதற்காக. ஐ.பி.எல்.லிலும் 2023 நவம்பரில் மும்பை ஹர்திக் பாண்டியாவை 15 கோடிக்குத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக 17.50 கோடி கேமரன் கிரீனை பெங்களூருக்குக் கொடுத்துப் பர்ஸைக் காலி செய்தார்கள். கிரீன் நல்ல ஆட்டக்காரர்தான், சதம்கூட அடித்தவர். மோசமானவரை அனுப்புவது டிரேடு இல்லை. நல்லவர் இருந்தும், நமக்கு இல்லாததை வாங்க அவரை விடுவதுதான் டிரேடு. அதனால்தான் அது வலிக்கிறது.

அந்த வலியைப் பற்றியும் எழுத வேண்டும். என் தங்கச்சி எட்டாம் வகுப்பு. அவளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கேதார் ஜாதவ் பாவம் இல்லையா அண்ணா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 7, இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு சென்னை திரும்பி வந்த முதல் மேட்ச். தொடையில் அடிபட்டு வெளியே போன கேதார், நொண்டிக்கொண்டே திரும்ப வந்து கடைசி ஓவரில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து ஜெயிக்க வைத்தார். அதோடு அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அவரைத்தான் 7.80 கோடி மிச்சத்துக்காக விட்டார்கள். ரெய்னாவின் கதை அதைவிடக் கஷ்டம். சின்னத் தல என்று நாம் கொண்டாடியவர். 2022 ஏலத்தில் அவரை எந்த டீமும் வாங்கவில்லை. 2025 நவம்பரில் ஜடேஜா! 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர். அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தார்கள். அன்றைக்கு நம்ம வகுப்பில் இரண்டு பேர் மத்தியானம் சாப்பிடவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. ஆளை மாற்றுவது தப்பு இல்லை. மாற்றும் விதத்தில்தான் தப்பும் சரியும். என்.பி.ஏ.யில் பெரும்பாலான வீரர்களைக் கேட்காமலே டீம் மாற்றிவிடலாம். ஐ.பி.எல்.லில் வீரர் சம்மதித்தால்தான் டிரேடு. நம்ம பள்ளியில்? நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கோடி ரூபாய் வியாபாரத்திலேயே ஆளைக் கேட்கிறார்கள். கூடப் படிக்கிற பையனை நாம் கேட்க வேண்டாமா?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். "உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

போன வருஷமும் இதே சண்டை வந்தது. அப்போது நான் எந்தக் கட்சி தெரியுமா? ரிசர்வ் கார்டு வேண்டாம் என்ற கட்சி! "எனக்கு எதுக்கு மாற்று? நாற்பது நிமிஷமும் நானே ஆடுவேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு நிரவி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

அந்த மேட்சில் நாலாவது குவார்ட்டர், ஆறு நிமிஷம் மிச்சம். நாம் ஒன்பது பாயிண்ட் முன்னாடி. எனக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. தேவையே இல்லாத ஃபவுல். அவசரத்தில் கையைத் தட்டிவிட்டேன். வெளியே வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நம்ம பையன்கள் பந்தைக் கொண்டு போக முடியாமல் தவித்ததை எல்லாரும் பார்த்தீர்கள். ஒருத்தன் எட்டு விநாடியைத் தாண்டினான். ஒருத்தன் காலில் பந்து பட்டு வெளியே போனது. உயரமான பசங்க கூடைக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், பந்து வந்தால்தானே! நாலு பாயிண்டில் தோற்றோம். "ரெஃப்ரீ சரியில்லை" என்று வேனில் எல்லாரும் பேசினார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ரெஃப்ரீ சரியாகத்தான் இருந்தார். சரியில்லாதது என் பெருமை.

தினமும் சாயங்காலம் என்னோடு பயிற்சி செய்து, என் எதிரில் நின்று என்னைத் தடுத்து, நான் நன்றாக ஆடக் காரணமாக இருந்தவன் அவன்தான். அவனை மாற்று என்று சொல்லி, அந்த மாற்றும் வேண்டாம் என்று சொன்னேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் வெட்கம்.

இந்தத் தடவை போவது பாண்டிக்கு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி 130 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினால் இங்கேயிருந்து ஆளைக் கூப்பிட முடியாது.

ஆகவே பி.டி. சாருக்கும் கேப்டனுக்கும் என் மூன்று யோசனைகள்:

ஒன்று. லிஸ்ட் போடும்போது பெயரை எழுதாதீர்கள், முதலில் வேலையை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். மூணு பேர் இருக்கும் இடத்தில் ஒன்றைக் குறைத்து, ஒருத்தர் இருக்கும் இடத்தில் ஒன்றைக் கூட்டுங்கள்.

இரண்டு. நிற்கப் போகிறவரை முன்னாடியே கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மூணு நெட்டையரும் கலந்து பேசி, யார் இந்த முறை, யார் அடுத்த முறை என்று அவர்களே முடிவு செய்யட்டும். நிற்பவருக்கு அடுத்த போட்டியில் முதல் பெயர். அவர் ஜெர்சியை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். ஜெர்சி அவருடையதுதான்.

மூன்று. ரிசர்வ் ஆளை வெறும் உட்கார வைக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு மேட்சிலும் இரண்டாவது குவார்ட்டரில் மூன்று நிமிஷமாவது இறக்குங்கள். அந்த மூன்று நிமிஷம் நான் உட்காருகிறேன். எனக்குச் சம்மதம். திடீரென்று கடைசி நிமிஷத்தில் இறங்கினால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். உத்தப்பாவுக்கே முதல் இரண்டு மேட்ச் தேவைப்பட்டது!

"பணம் போட்டு டீம் நடத்துறவங்க கதையை நமக்கு எதுக்குடா சொல்றே?" என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் கோடி இல்லை, உண்மை. ஆனால் நமக்கும் உச்சவரம்பு இருக்கிறது. அவர்களுக்கு அப்போது 85 கோடி, நமக்குப் பத்து சீட்டு. கணக்கு ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் இறைக்கும் மாம்பழத்துக்குக் கையேந்தாத காரைக்கால்காரர் யாராவது உண்டா? அந்தக் கதை எப்படித் தொடங்குகிறது? பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்து அனுப்புகிறான். ஒன்று பசியோடு வந்த அடியாருக்குப் போய்விடுகிறது. மற்றொன்றைச் சாப்பிட்டு ருசி கண்டவன், "இன்னொன்று எங்கே?" என்று கேட்கிறான். அம்மையாருக்கு இறைவன் இன்னொரு பழம் கொடுத்தார். நமக்கு நாலாவது குவார்ட்டரில் யார் கொடுப்பார்கள்? நாம்தான் கிளம்பும்போதே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

என் கருத்து தப்பு என்று நினைப்பவர்கள் இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் காலி இடத்தில் எழுதுங்கள். முக்கியமாக மூணு நெட்டையரும் எழுத வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை, பெயர் போட்டுத் திட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். பென்சில் எழுத்தைத்தான் அழிக்க முடியும்!



— பிளஸ் ஒன் மாணவன், போன வருஷம் ஐந்து ஃபவுல் வாங்கியவன்